காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ.: அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணிக்குக் காயல்பட்டினம் மழைமானியில் எடுத்த கணக்கு 946 மி.மீ. முந்தைய 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 95 செ.மீ. பக்கத்திலேயே இருக்கிற திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, மலைமேல் மாஞ்சோலையில் 55. தூத்துக்குடி மாவட்டத்தில் வருஷம் முழுக்கச் சேர்த்தே 65, 70 செ.மீ. அளவுக்குத்தான் பெய்யும். அங்கே ஒன்றேகால் வருஷத்து மழைக்கும் மேலாக ஒரே நாளில் இறங்கியிருக்கிறது.

தாமிரபரணிக் கரை ஊரான ஏரல் மூழ்கியது, கோரம்பள்ளம் குளம் உடைந்தது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் மீட்க ஆள் வரும்வரை அங்கேயே கிடந்தார்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது, ஏன் அந்த இடத்தில் விழுந்தது என்று கேட்டால் கிடைக்கிற பதில்கள் பெரும்பாலும் சரியில்லை. "மேகவெடிப்பு" என்பார்கள், "மன்னார் வளைகுடாவிலிருந்து அள்ளிக் கொட்டிவிட்டது" என்பார்கள். இரண்டையும் ஒரு சாதாரண கூட்டல் பெருக்கலிலேயே சோதித்துவிடலாம், அதைத்தான் இங்கே செய்யப் போகிறேன்.

முதலில் மேகவெடிப்பு. ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. அளவுக்கு, அதுவும் 20, 30 சதுர கி.மீ. போன்ற சின்ன இடத்தில் கொட்டினால்தான் அந்தப் பெயர். காயல்பட்டினத்துக் கணக்கை 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 4 செ.மீ. வருகிறது. அதோடு தென்கோடியின் பல மாவட்டங்களில் ஒரே சமயத்தில் பெய்திருக்கிறது, கோவில்பட்டியிலும் அரை மீட்டர் அளவுக்கு மழை. இது வெடித்து முடிந்த மழை கிடையாது. நிறுத்தாமல், விடாமல், மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் பெய்த மழை. என்னைக் கேட்டால் இதுதான் அதைவிடப் பயப்பட வேண்டியது, ஏனென்றால் மேகவெடிப்புக்கு ஒரு பெரிய மேகம் போதும், இதற்கு ஒரு பெரிய கடல் வேண்டும்.

தலைக்கு மேல் எவ்வளவு இருந்தது?

வானிலை ஆட்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஓர் இடத்துக்கு நேர் மேலே தரையிலிருந்து வானத்தின் உச்சி வரைக்கும் இருக்கிற நீராவி முழுவதையும் பிழிந்து தரையில் ஊற்றினால் எத்தனை செ.மீ. தண்ணீர் நிற்கும் என்பது. உலக சராசரி இரண்டரை செ.மீ.தான். நம்ம ஊர் மாதிரியான வெப்பமண்டலக் கடற்கரையில், வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கிற ரொம்ப ஈரமான நாளில் 6, மிஞ்சிப்போனால் 7 செ.மீ. அவ்வளவுதான். காற்றுக்கு இதற்கு மேல் சுமக்கிற சக்தி இல்லை.

அப்படியானால் 95 செ.மீ. பெய்ய, காயல்பட்டினத்துக்கு மேலே இருந்த ஈரம் முழுவதும் ஒரே நாளில் கிட்டத்தட்ட பதினைந்து தடவை காலியாகி, பதினைந்து தடவை நிரம்பியிருக்க வேண்டும். நிஜத்தில் மழை எந்தக் காற்றையும் ஒட்டப் பிழிந்துவிடுவதில்லை, கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் பெய்யும், அதனால் இன்னும் அதிகத் தடவை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை புது ஈரம் வந்து சேர்ந்துகொண்டே இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையைப் பற்றி யோசிக்கும்போது மேலே தேங்கி நிற்கிற தண்ணீர் என்று நினைத்துக்கொள்கிறோமே, அங்கேதான் தப்பு தொடங்குகிறது. மேலே இருப்பது எப்போதும் கொஞ்சம்தான், வரத்துதான் எல்லாம்.

அளவு எவ்வளவு பெரியது என்று புரிய இன்னொரு கணக்கு. 95 செ.மீ. மழை 1 சதுர கி.மீ. பரப்பில் விழுந்தால் சுமார் 95 கோடி லிட்டர். 30 சதுர கி.மீ. சேர்ந்தால் 1 டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி. பாபநாசம் அணையின் கொள்ளளவு ஐந்தரை டிஎம்சி. ஆக, காலியாகக் கிடக்கிற பாபநாசத்தை ஒரே நாளில் நிரப்ப இந்த மழை 165 சதுர கி.மீ. பரப்பில் பெய்தால் போதும், மலை உச்சியிலிருந்து வடிந்துவரக்கூடத் தேவையில்லை.

இனி மன்னார் வளைகுடா. அங்கே கடல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பரப்பு 10,500 சதுர கி.மீ. நம் பக்கத்து வெதுவெதுப்பான கடலிலிருந்து ஒரு நாளில் ஆவியாவது 4, 5 மி.மீ. அளவு. 5 என்றே எடுத்துக்கொண்டு, அந்தப் பரப்பு முழுவதிலிருந்தும் ஒரு நாளில் கிளம்புகிற ஈரத்தைக் கூட்டினால் 2 டிஎம்சிகூட வராது. தூத்துக்குடி மாவட்டத்தின் பரப்பு சுமார் 4,600 சதுர கி.மீ. அதில் சராசரியாக 20 செ.மீ. பெய்ததாகக் குறைத்தே வைத்தாலும் 32 டிஎம்சி. வளைகுடா வாசலில் இருக்கிறது, கடைசிக் கையாகக் கொஞ்சம் ஈரம் சேர்த்திருக்கும், அவ்வளவே. 32 டிஎம்சியை அது ஒரு நாளில் தர வாய்ப்பே இல்லை.

வந்த வழி

வடகிழக்குக் காற்று கிளம்பும்போது காய்ந்த காற்று. குளிர்கால ஆசியக் கண்டத்தின் உள்ளேயிருந்து வருவது, அதில் ஈரம் ரொம்பக் குறைவு. வங்கக்கடலைத் தாண்டும்போதுதான் அது நனைகிறது. கடல் வெப்பம் 28 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், மேலே வீசுகிற காற்று காய்ந்ததாகவும் வேகமாகவும் இருந்தால் ஆவியாவதும் கூடும். ஆனால் இதிலும் ஒரு கணக்கு இடிக்கிறது. அந்தமானிலிருந்து தூத்துக்குடி சுமார் 1,600 கி.மீ. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வருகிற காற்றுக்கு இது இரண்டு நாளுக்கும் குறைந்த பயணம். நாளைக்கு 5 மி.மீ. வீதம் சேர்த்தால் வழியில் கிடைப்பது 1 செ.மீ. 6 செ.மீ. ஈரத்தோடு கரை சேர வேண்டுமானால் அந்தமானைத் தாண்டும்போதே காற்று நன்றாக நனைந்திருந்தாக வேண்டும்.

அதாவது தோற்றுவாய் இன்னும் கிழக்கே, இன்னும் தெற்கே. டிசம்பரில் தென்சீனக் கடலில் வீசுகிற வடகிழக்குக் காற்றின் ஒரு பகுதி மலாய் தீபகற்பத்தைத் தாண்டித் தெற்கு வங்கக்கடலுக்குள் வருகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்தியப் பெருங்கடலின் வெதுவெதுப்பான பகுதியிலிருந்தும் ஈரம் மேலே ஏறி இதோடு கலக்கிறது. ஒரு நீர்மூலக்கூறு கடலிலிருந்து ஆவியாகி மறுபடி மழையாக விழுவதற்கு உலக அளவில் சராசரியாக எடுக்கிற காலம் 8 முதல் 10 நாள். அத்தனை நாளில் காற்று ஆயிரக்கணக்கான கி.மீ. போய்விடும். ஏரலில் வீட்டுக்குள் நுழைந்த தண்ணீரில் கணிசமான பங்கு ஒரு வாரத்துக்கு முன்னால் தாய்லாந்துப் பக்கத்துக் கடலிலோ சுமத்ராவுக்கு மேற்கேயோ கிடந்திருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மழைநீரில் சாதாரண ஹைட்ரஜன், ஆக்சிஜனோடு அவற்றின் ஐசோடோப்புகளும், அதாவது அதே தனிமங்களின் எடை கூடிய வகைகளும், சிறிதளவு இருக்கும். ஆவியாகும்போது கனமானவை பின்தங்கும், மழையாகும்போது அவை முந்திக்கொண்டு இறங்கும். அதனால் வழியெல்லாம் பெய்துகொண்டே வந்த காற்றின் மழைக்கும், நேராகக் கடலிலிருந்து வந்த காற்றின் மழைக்கும் விகிதம் மாறும். இன்னொரு வழி, காற்று எங்கிருந்து வந்தது என்று கணினியில் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பது. இரண்டும் பல நாடுகளில் வழக்கமாகவே நடக்கிற வேலை. ஒவ்வொரு பெரிய மழைக்குப் பிறகும் தெற்கு மாவட்டங்களில் ஒரு கல்லூரி ஆய்வகமாவது சில புட்டிகளில் மழைநீரைப் பிடித்து மூடி வைத்தால், எந்தக் கடல் எவ்வளவு தந்தது என்பதை ஊகமாகப் பேசாமல் அளவாகப் பேசலாம். புட்டிக்கு என்ன பெரிய செலவு ஆகிவிடப் போகிறது?

ஈரம் வருவது வேறு, மழை பெய்வது வேறு

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈரம் வந்துகொண்டிருப்பது ஒன்றும் அபூர்வம் கிடையாது. கடற்கரையின் 100 கி.மீ. நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றின் கீழ் அடுக்கில் 5 செ.மீ. ஈரம் இருக்கிறது, மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் கடலிலிருந்து நேராக உள்ளே வருகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 100 கி.மீ. வாசலை ஒரே நாளில் கடக்கிற நீராவி சுமார் 150 டிஎம்சி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஒன்றரை மேட்டூருக்கும் மேலான தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் நம் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும், துளி மழை இல்லாமலும் இருக்கலாம். அதை மேலே ஏற்றிக் குளிர வைக்க ஒன்று வேண்டும், அது ஒரே இடத்தில் நீண்ட நேரம் நிற்கவும் வேண்டும்.

2023 டிசம்பர் 17 அன்று அந்த வேலையைச் செய்தது குமரிக்கடல் பகுதியில் நிலவிய ஒரு வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி. அது புயல் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் சென்னையை மூழ்கடித்த மிக்ஜாம் புயலுக்குப் பெயர் இருந்தது, பாதை வரைபடம் இருந்தது, தொலைக்காட்சியில் மணிக்கொருமுறை செய்தி இருந்தது. இந்தச் சுழற்சிக்குப் பெயரே இல்லை. ஆனால் அது நகரவில்லை, அதுதான் விஷயம்.

நம் அரைக்கோளத்தில் இப்படிப்பட்ட சுழற்சி கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். ஆகவே அதன் வடக்குப் பக்கத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே போகும். சுழற்சி குமரிக்கடலில் உட்கார்ந்தால் அந்த வடக்குப் பக்கம் சரியாகத் திருச்செந்தூர், காயல்பட்டினம், தூத்துக்குடி கரைமேல் வருகிறது. மீனவர்கள் கொண்டல் என்று சொல்கிற கிழக்குக் காற்று, கிழக்கே பார்த்த கரையில் நேராக மோதுகிறது. கடல்மேல் தடையில்லாமல் வந்த காற்று தரையைத் தொட்டதும் மரம், கட்டடம், மேடு பள்ளம் எல்லாவற்றிலும் உரசி வேகம் குறைகிறது, பின்னால் வருகிற காற்று வேகம் குறையாமல் வந்து இதை நெருக்குகிறது, போக இடமில்லாமல் காற்று மேலே ஏறுகிறது. மேலே ஏறினால் குளிரும், குளிர்ந்தால் நீராவி துளியாகும். 1 கிலோ நீராவி துளியாக மாறும்போது சுமார் 25 லட்சம் ஜூல் வெப்பம் வெளியாகிறது, அது சுற்றியிருக்கிற காற்றைச் சூடாக்கி இன்னும் மேலே தள்ளுகிறது, கீழே உண்டாகிற இடத்தை நிரப்பக் கடலிலிருந்து இன்னும் ஈரக்காற்று வருகிறது. பெய்கிற மழையே அடுத்த மழைக்கான காற்றை இழுத்துக்கொள்கிறது. சுழற்சி நகர்ந்துகொண்டிருந்தால் இந்தச் சங்கிலி ஊர் ஊராக மாறிப் போகும், ஆளுக்கு 10, 15 செ.மீ. கிடைக்கும். நகராததால் கூட்ஸ் வண்டியின் பெட்டிகள் ஒரே கேட்டைத் தாண்டுவது போல மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே ஊர்களின்மேல் வந்தன.

மேற்கே மலை இருப்பதும் சேர்ந்துகொண்டது. தாமிரபரணி பிறக்கிற பொதிகை, மாஞ்சோலை மலைகள் சுவர் மாதிரி நிற்பதால் கரையைத் தாண்டின ஈரம் அங்கே போய் ஏறி இரண்டாவது தடவை பெய்தது. மாஞ்சோலையின் 55 செ.மீ. அந்தக் கணக்கு. மேலே மலையில் பெய்ததும், நடுவில் ஸ்ரீவைகுண்டத்தில் பெய்ததும், கீழே கடலோரத்தில் பெய்ததும் ஒரே ஆற்றில் ஒரே சமயத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்த மக்கள் அனுபவித்தார்கள்.

1992 நவம்பர் வெள்ளத்தோடு இதை ஒப்பிட வேண்டும். அப்போது மாஞ்சோலைப் பகுதியில் இருக்கிற காக்காச்சியில் ஒரே நாளில் 96 செ.மீ. பதிவானது. அளவு ஏறத்தாழ சமம், ஆனால் இடம் நேர்மாறு. காக்காச்சி ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிற மலை எஸ்டேட், காற்றை அங்கே மலை தூக்கிவிட்டது. காயல்பட்டினம் கடல் மட்டத்தில் இருக்கிற ஊர், தூக்கிவிட மலையே இல்லை. மலைக்கான மழை சமவெளிக் கடற்கரையில் பெய்தது என்பதுதான் 2023ஐ வேறு மாதிரி ஆக்குகிறது. தண்ணீர் வடியச் சரிவில்லாத இடத்தில் விழுந்ததால் ஆறே ஊருக்குள் வராத தெருக்களிலும் அது நின்றது.

இதே கரை, ஜூலையில்

தூத்துக்குடி உப்புக்குப் பேர் போன ஊர். ஈரமான கடல் பக்கத்திலேயே இருந்தும் உப்பளங்களில் மாதக்கணக்கில் மழை பயம் இல்லாமல் கடல்நீரைக் காய வைக்க முடிகிறது என்றால் என்ன அர்த்தம்? தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல் ஈரம் மலையின் மேற்குச் சரிவில் ஏறிக் கேரளத்தில் பெய்துவிடுகிறது. மலையைத் தாண்டின காற்று இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்குகிற காற்று சூடாகும், சூடான காற்றில் மேகம் கரையும். அப்போதும் காற்றில் ஈரம் இல்லாமல் போய்விடுவதில்லை, உடம்பு வியர்த்துக் கொட்டுவதிலேயே தெரியும். ஏற்றிவிட ஆள் இல்லை. மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கடல் தண்ணீரை உறிஞ்சி உப்பை விட்டுப்போகிற அதே கரையில்தான் டிசம்பரில் 95 செ.மீ. பெய்திருக்கிறது.

காடுகளின் பங்கைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வெள்ளம், வறட்சி எது வந்தாலும் "மரத்தை வெட்டியதால்" என்ற ஒரே பதில் வருகிறது. மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு, தென்மேற்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்கிற மழையில் கால் பங்குக்குக் குறையாத ஈரம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் மூச்சாக வெளியேற்றியது என்றும், மழை குறைந்த வருஷங்களில் இது 40 சதவீதம் வரை போகிறது என்றும் காட்டியது. கேரளத்தில் பெய்த மழையை வேரில் பிடித்து இலை வழியாக மறுபடி காற்றுக்குத் தருகிறது காடு, அந்த ஈரம் கிழக்கே வந்து நமக்குப் பெய்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மதுரையும் சேலமும் பெறுகிற மழைக்கு அந்தக் காடுகள் உயிர்நாடி, அவற்றை அழிப்பது நம் கிணற்றை நாமே தூர்ப்பது. ஆனால் டிசம்பர் 17 மழைக்கும் இதற்கும் சம்பந்தம் சொல்ல முடியாது. அன்று காற்று கிழக்கிலிருந்து வந்தது, காடு காற்றுக்குப் பின்பக்கம் இருந்தது. எந்த மழைக்கு எது தாய் என்று பிரித்துப் பேசினால்தான் காட்டைக் காப்பாற்றக் கேட்கிற குரலுக்கும் பலம் இருக்கும்.

இரண்டு பெரிய பின்னணிகள் இருந்தன. 2023 எல் நினோ வருஷம், அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாக இருந்த வருஷம், அதோடு இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதி வழக்கத்தைவிடச் சூடாக இருந்த வருஷம். இரண்டுமே பொதுவாக வடகிழக்குப் பருவமழைக்குச் சாதகமானவை. தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்த 2015 டிசம்பரும் எல் நினோ காலம்தான். அப்புறம் கடல் சூடாவது. காற்று 1 டிகிரி சூடானால் அது சுமக்கக்கூடிய நீராவி 7 சதவீதம் அளவுக்குக் கூடும். 1950களிலிருந்து வெப்பமண்டல இந்தியப் பெருங்கடல் 1 டிகிரி அளவுக்குச் சூடாகியிருக்கிறது. 7 சதவீதம் சின்னதாகத் தெரியலாம், ஆனால் மேலே சொன்ன சங்கிலியில் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தக் கூடுதல் ஈரம் கூடுதல் வெப்பமாகி இழுப்பையும் பலமாக்கும் என்பதால் ஒரு நாள் மழையில் அதன் விளைவு வெறும் 7 சதவீதத்தோடு நிற்க வேண்டியதில்லை.

எச்சரிக்கை விஷயத்துக்கு வருவோம். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வகைப்பாட்டில் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேலே போனால் அதி கனமழை, ரெட் அலர்ட். அதற்கு மேலே வேறு நிறமில்லை. 21 செ.மீ.க்கும் சிவப்புதான், 95 செ.மீ.க்கும் சிவப்புதான். சிவப்பு கொடுத்தோம் என்று ஒரு பக்கமும், இவ்வளவு என்று சொல்லவில்லையே என்று மறுபக்கமும் வாதம் நடந்தது, இரண்டு பக்கமும் சொன்னது ஒரே ஓட்டையைத்தான். 95 என்று முன்கூட்டியே எந்தக் கணினி மாதிரியும் துல்லியமாகச் சொல்லிவிடாது, அதை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. ஆனால் ஈர வரத்தைச் சொல்லலாம். வானத்தில் ஈரம் இந்த மாதத்தின் உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, கிழக்குக் காற்று கரையில் நேராக மோதுகிறது, சுழற்சி அடுத்த 24 மணி நேரத்துக்கு நகராது என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னாலே ஒரு கலெக்டர் அலுவலகத்துக்கு, ஒரு ரயில் கண்ட்ரோலருக்கு, குளத்து மடையைத் திறக்கிற ஆளுக்கு "சிவப்பு" என்பதைவிடப் பல மடங்கு உபயோகம்.

அதற்கு அளவு வேண்டும். ஈரத்தை மேலே போய் அளக்கிற பலூன்கள் சென்னை, காரைக்கால், திருவனந்தபுரம் போன்ற இடங்களிலிருந்து பறக்கின்றன. காரைக்காலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே மன்னார் வளைகுடாக் கரை முழுவதும் கிடக்கிறது, கொண்டல் காற்று உள்ளே நுழைகிற வாசலே அதுதான். தூத்துக்குடியில் துறைமுகமும் விமான நிலையமும் இருக்கின்றன. நவம்பர், டிசம்பர் இரண்டு மாதத்துக்காவது அங்கிருந்து காலையும் மாலையும் ஒரு பலூன் பறக்க வேண்டும், அந்தக் கரையை நேராகப் பார்க்கிற ஒரு ரேடார் வேண்டும்.

ஓராண்டு கழித்து, 2024 டிசம்பர் இரண்டாவது வாரத்தில் தாமிரபரணி மறுபடி கரைபுரண்டது. அப்போது ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி மன்னார் வளைகுடா வழியாக மேற்கே நகர்ந்தது. மாஞ்சோலை மலையில் ஊத்து எஸ்டேட்டில் ஒரே நாளில் அரை மீட்டர் தாண்டியது, கடற்கரையில் முந்தைய வருஷத்தின் அளவுக்கு விழவில்லை. கடலும் அதேதான், மாதமும் அதேதான், ஆறும் அதேதான். இந்தத் தடவை தாழ்வு நகர்ந்தது, ஈரம் மலை வரைக்கும் போய்ப் பெய்தது. அடுத்த டிசம்பரில் குமரிக்கடலில் பெயரில்லாத ஒரு சுழற்சி என்ற வரி வானிலை அறிக்கையில் வரும்போது, அது எவ்வளவு பலமானது என்று தேடுவதற்கு முன்னால் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று தேடுங்கள்.